பாலக்கோட்டுல இருந்து பலோதிக்கு குடித்தனம் போகணும், சின்ன குழந்தையோட அந்த பாலைவன வெயில்ல இருக்க முடியுமா?

பாலக்கோடு கவி:

அக்கா அண்ணா எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுக்காரரு ஓசூர்ல ஒரு கம்பெனில மெயின்டெனன்ஸ்ல இருந்தாரு, போன நவம்பர்ல ராஜஸ்தானுக்கு சோலார் பிளான்ட் வேலைக்கு போயிட்டாரு. பலோதினு ஊரு, ஜோத்பூர்ல இறங்கி பஸ்ல இன்னும் மூணு மணி நேரம் போகணுமாம். அங்க ரூம் எடுத்துட்டு பட்லா சோலார் பார்க்குக்கு கம்பெனி வண்டில போய் வராரு. இத்தன நாளா போன் பண்றப்பெல்லாம் குளிருது குளிருதுனு தான் சொன்னாரு, ரெண்டு ரஜாய் போத்திகிட்டு படுக்கறேன்னாரு, நானும் சரி ஏற்காடு மாதிரி போலன்னு நெனச்சு வர்றேன்னுட்டேன். அப்புறம் தான் என் தம்பி போன்ல தேடி காட்டுறான், 2016 மே 19 அன்னைக்கு அந்த ஊர்ல 51 டிகிரி அடிச்சிருக்காம், இந்தியாவுலயே அது தான் ரெக்கார்டாம். எனக்கு வயித்துல புளிய கரைச்சிடுச்சு.

பாப்பாக்கு மூணரை வயசு. இங்க சித்திரை மாசத்துலயே அவளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு வந்துடும். இப்ப மாசி மாசம், பங்குனி முடிஞ்சதும் கூட்டிட்டு போறேன்றாரு. அத்தை என்னடான்னா தர்மபுரி வெயில்ல பொறந்து வளந்தவளுக்கு இன்னொரு வெயிலு என்னடி பண்ணும், போய் புருஷனோட இருன்றாங்க. அங்க இருந்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, இப்பவே போறதா, இல்ல வெயில் காலம் முடிஞ்சு போறதா? வீட்டுல ஏசி இல்ல, கூலர் வாங்கிக்கலாம்னாரு. தண்ணி எப்படி, சமையல் எப்படி, குழந்தைக்கு என்ன பண்ணணும், ஒண்ணும் தெரியாம முழிக்கறேன்.

மாரண்டஹள்ளி மச்சான்:

மே மாசம் மத்தியானம் தொப்பூர் கணவாய்ல லாரிக்கு பின்னாடி பைக்ல மாட்டுனவனுக்கு ராஜஸ்தானெல்லாம் ஊட்டி தான் தங்கச்சி. தைரியமா போங்க.

ஊத்தங்கரை ஜவான்:

மச்சான் தம்பி, நீ விளையாட்டுக்கு சொல்ற, அந்த பொண்ணு நெசம்னு நம்பிட போகுது. நான் எல்லைல ஜெய்சல்மேர் பக்கம் ஒம்பது வருஷம் இருந்தவன், பலோதி வழியா எத்தனையோ வாட்டி போயிருக்கேன். கவி அம்மா, உங்க அத்தை சொல்றதுல பாதி சரி பாதி தப்பு. வெயில் நமக்கு பழக்கம் தான். பழக்கம் இல்லாதது அந்த வறட்சி.

நம்மூர்ல 38, 39 போனா என்ன ஆகும், சட்டை முதுகோட ஒட்டும், கசகசன்னு இருக்கும், ஐயோ வேர்க்குதேன்னு நாமளே போய் ஒரு சொம்பு தண்ணி குடிப்போம். அங்க 45ல நிப்ப, சட்டை காஞ்சே இருக்கும். வேர்க்கலையேன்னு நெனப்ப. வேர்க்காம இல்லம்மா, வேர்வை வெளிய வர்றப்பவே காத்து உறிஞ்சிட்டு போயிடும், சாயங்காலம் சட்டைய கழட்டி பாத்தா முதுகுல வெள்ளை வெள்ளையா உப்பு கோடு போட்டிருக்கும். வேலை செய்யற ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் உடம்புல இருந்து போயிடும், அவனுக்கே தெரியாது. நான் போன முத மே மாசம் எங்க பிளாட்டூன்ல ஒரு பையன், நல்ல வாட்டசாட்டமானவன், காலைல இருந்து தாகமே இல்ல சார்னு சொல்லிட்டு இருந்தான், மூணு மணிக்கு சம்பந்தம் இல்லாம உளற ஆரம்பிச்சான், தொட்டா அடுப்புல வச்ச தோசைக்கல்லு மாதிரி சுடுது. டேங்கர் பைப்ப அப்படியே அவன் மேல திருப்பி விட்டோம், ரெண்டு நாள் ஆஸ்பத்திரில கெடந்து எழுந்தான். அதுல இருந்து தாகம் எடுத்தா தான் தண்ணின்ற பேச்சே எங்ககிட்ட கிடையாது, மணிக்கு ஒரு தடவை குடிக்கணும், ஒண்ணுக்கு மஞ்சளா போனா தண்ணி பத்தலைனு அர்த்தம். பாப்பாக்கும் இதயே பாத்துக்கோ, அது வாய் தொறந்து தாகம்னு கேக்காது.

அடுத்தது நேரம். அந்த ஊரு நமக்கு மேக்கால ரொம்ப தள்ளி இருக்கு, ஆனா கடிகாரம் ஒண்ணு தான். ஜூன்ல அங்க ஏழரை மணிக்கு தான் பொழுது விழும். நம்மூர்ல நாலு மணிக்கு வெயில் தாழ்ந்துடுச்சுன்னு கடைக்கு கிளம்புவோம்ல, அங்க நாலு மணி தான் அனல் உச்சம், லூன்னு சொல்லுவாங்க, ஹேர் டிரையர மூஞ்சில காட்டுன மாதிரி காத்து. காலைல பத்துக்குள்ள எல்லா வேலையும் முடிச்சிட்டு கதவு ஜன்னல் சாத்தி ஸ்கிரீன் போட்டுடு, ராத்திரி எட்டுக்கு மேல தொற. வெளிய போனா உடம்ப மூடுற லூசான காட்டன் துணி. மெல்லிசா கையில்லாம போட்டா காத்தாடும்னு நெனக்காத, மூடுனா தான் குளிர்ச்சி. அந்த ஊரு பொம்பளைங்க முக்காடு போடறாங்க, ஆம்பளைங்க எட்டு ஒம்பது கஜத்துக்கு தலைப்பா சுத்தறாங்கனா சும்மா இல்ல.

தண்ணி பத்தி ஒண்ணு. பாலக்கோடு பொண்ணுக்கு பல்லு கறை பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. 2013ல ஒகேனக்கல் தண்ணி வர்ற வரைக்கும் போர் தண்ணிய குடிச்சு பல்லு பழுப்பாகி முட்டி மடக்க முடியாம போனவங்கள நீயும் பாத்திருப்ப. அங்கயும் அதே கதை தான், நிலத்தடி தண்ணில பல இடத்துல ஃப்ளோரைடு, அதோட உப்பும் சேந்து. இதுல வெயிலுக்கு ரெண்டு மடங்கு தண்ணி குடிப்போமா, அப்ப உள்ள போறதும் ரெண்டு மடங்கு. காய்ச்சுனா போகாது, தண்ணி சுண்ட சுண்ட இன்னும் கெட்டியா தான் ஆகும். பால் பல்லு வயசுல குழந்தை இருக்கு, ஆர்ஓ போடாம குடித்தனமே வைக்காத.

என்ன கேட்டா ஜூலைல மழை விழுந்தப்புறம் போ. சட்டைப்பைல ஒரு வெங்காயம் வச்சுக்கோ, லூ அடிக்காது, அந்த ஊர்காரங்க அப்படி தான் பண்ணுவாங்க.

பாலக்கோடு கவி:

ரொம்ப நன்றிங்கண்ணா. பல்லு விஷயம் நான் யோசிக்கவே இல்ல, எங்க அப்பாக்கே முன் பல்லு ரெண்டும் அப்படி தான். அப்ப ஜூலைனு சொல்லிடட்டுமா அவருகிட்ட?

காவேரிப்பட்டணம் டு ஜோத்பூர்:

சொல்லாத கவி, இரு இரு. அண்ணன் சொன்னதெல்லாம் கரெக்ட், ஜூலை மட்டும் எனக்கு ஒப்புதல் இல்ல. நான் ஜோத்பூர் வந்து ஆறு வருஷம், முத வருஷம் மே 20ல வந்து இறங்குனேன், நேரா அடுப்புக்குள்ள. பத்து நாள் தலவலி, எழுந்து நிக்க முடியல, எங்கம்மா போன்ல அழுகை. எனக்கு அடுத்த வருஷம் வந்த ஒரு பொண்ணு மார்ச்லயே வந்துடுச்சு, அதுக்கு ஒண்ணும் ஆகல. ஏன்னா ஹோலி முடிஞ்சு ரஜாய உள்ள வச்சதுல இருந்து வெயில் படி படியா ஏறுது, 34, 37, 40ன்னு, நம்ம உடம்பும் கூடவே ஏறிக்குது. புது சூட்டுக்கு உடம்பு பழக ஒண்ணுல இருந்து ரெண்டு வாரம் வேணும், சீக்கிரமா வேர்க்க கத்துக்கும், வேர்வைல உப்பு கம்மியா விட கத்துக்கும். ஜூலைல வந்தா மழைன்னு பேரு தான், ஜெய்சல்மேர் பக்கமெல்லாம் வருஷத்துக்கே 200 மில்லிமீட்டர் சொச்சம், நம்ம தர்மபுரில கால்வாசி தான். ஆனா காத்துல ஈரம் மட்டும் ஏறிடும், அப்ப கூலரும் வேலைக்கு ஆகாது, புழுங்கி சாவோம். பங்குனிலயே வந்துடு.

கூலர் பத்தி கேட்டல்ல. ஏசிய விட எனக்கு மே மாசம் கூலர் தான் புடிக்கும். நம்மூர்ல கூலர் போட்டா ரூம் சொதசொதன்னு ஆகும், இங்க காத்து எலும்பு மாதிரி காஞ்சு கிடக்கறதால தண்ணி பட்டதும் ஜில்லுன்னு ஆகுது. ஆனா எல்லாரும் பண்ற தப்பு, ஏசி மாதிரி ரூம மூடிட்டு கூலர் போடறது. எதிர்ப்பக்க ஜன்னல தொறந்து வைக்கணும், காத்து வெளிய போனா தான் புது காத்து வரும். கூலர ஜன்னலுக்கு வெளிய வைக்கற மாதிரி வீடா பாரு. தண்ணி டேங்க் ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி நெப்பணும், உப்பு தண்ணினா பக்கத்துல இருக்கற புல்லு பேடெல்லாம் வெள்ளையா கல்லு மாதிரி ஆயிடும், வருஷா வருஷம் மாத்தணும். வாரத்துக்கு ஒரு நாள் மொத்தமா கொட்டி கழுவலனா கொசு முட்டை போடும். முக்கியமா தகர கூலர்னா எர்த் சரியா இருக்கான்னு உன் வீட்டுக்காரர விட்டு பாக்க சொல்லு, தண்ணி ஊத்தறப்ப ப்ளக்க புடுங்கிடு, பாப்பா கிட்ட போகாத மாதிரி வை. ஷாக்கடிச்சு சாகறவங்க இங்க வருஷா வருஷம் பேப்பர்ல வர்றாங்க.

பானை வாங்கிக்கோ. எங்க அக்கா சென்னைல பானை வச்சிருக்கா, தண்ணி பேருக்கு தான் குளிரும். இங்க பானை தண்ணி பல்லு கூசும், அதே காரணம் தான்.

சமையலுக்கு வர்றேன், இதுல தான் நான் நெறைய அடி வாங்கி கத்துகிட்டேன். மாவு ராத்திரி அரைச்சு வெளிய வச்சன்னா மே மாசம் நாலஞ்சு மணி நேரத்துல புளிச்சு பொங்கிடும், மேல ஏடு மாதிரி காஞ்சும் போயிடும். ஐஸ் தண்ணி விட்டு அரைச்சு, ஈரத்துணி போட்டு மூடி, பொங்குனதும் எடுத்து உள்ள வச்சுடு, ரெண்டு நாளைக்கு மட்டும் அரை. டிசம்பர்ல இதுக்கு நேர்மாறு, ரஜாய்க்குள்ள வச்சா கூட பொங்காது. சப்பாத்தி மாவு பெசஞ்சு திரும்பி பாக்கறதுக்குள்ள தோல் கட்டும், ரொட்டி சுட்டா துணில சுத்தி வை. பப்படம் மட்டும் திறந்து போட்டாலும் நமுத்து போகாது, அது ஒரு சந்தோஷம். தேங்கா விலை கேட்டா மயக்கம் வரும்.

ஆனா ஒண்ணு, தர்மபுரி கிருஷ்ணகிரி ஆளுங்களுக்கு இந்த ஊரு சாப்பாடு ஒத்துக்கும். இங்க கம்பு தான் எல்லாம். கம்பு மாவ மோர்ல கரைச்சு காய்ச்சி ஆற வச்சு ராப்டின்னு வெயில் காலத்துல குடிக்கறாங்க, குடிச்சு பாத்தா நம்ம கம்பங்கூழே தான், சின்ன வெங்காயம் தான் இல்ல. சாங்கிரின்னு ஒரு காய் வத்தல் செய்வாங்க, அது எந்த மரத்து காய்னு நெனக்கற, நம்ம சிவன் கோயில்ல சுத்தி வர்ற வன்னி மரம். இங்க கேஜ்ரின்றாங்க, மாநில மரம், 1730ல கேஜர்லின்ற ஊர்ல இந்த மரத்த வெட்ட விடாம 363 பேரு உயிர விட்டிருக்காங்க, அந்த ஊரு ஜோத்பூர் பக்கத்துல தான் இருக்கு. மழையே இல்லனாலும் பச்சையா நிக்கும், அதுக்கு கீழ மட்டும் நெழல்.

தண்ணி இங்க வாய்க்கால்ல இருந்து வருது, இந்திரா காந்தி கால்வாய், பஞ்சாப்ல இருந்து வர்ற தண்ணி. வருஷா வருஷம் வெயில் ஆரம்பிக்கற நேரத்துல ரிப்பேருக்குனு அடைச்சுடுவாங்க, நஹர்பந்தின்னு சொல்லுவாங்க, அப்ப குழாய்ல ரெண்டு மூணு நாளைக்கு ஒரு வாட்டி தான் தண்ணி. வீடு பாக்கறப்ப கீழ டாங்கா இருக்கான்னு கேளு, நம்ம சம்ப் மாதிரி. இல்லாத வீட்ட எடுத்துடாத.

அரூர் ரியாத் ரிட்டர்ன்:

ரியாத்ல 12 வருஷம் இருந்துட்டு வந்தவன், அங்கயும் இதே காஞ்ச சூடு தான். ஜித்தா, தம்மாம் பக்கம் போனா கடல் காத்துல புழுக்கம், ரெண்டும் வேற வேற வெயில். அக்கா கூலர தூக்கி வச்சு பேசறாங்க, 40 வரைக்கும் சரி, 46, 47 போச்சுன்னா கூலர் விடற காத்தே வெதுவெதுன்னு இருக்கும், குழந்தை இருக்கற வீட்டுல ஒரு ரூமுக்காச்சும் ஏசி போடுங்க, பழசா இருந்தாலும் பரவால்ல. ஏசி போட்டா காத்து இன்னும் காயும், ஒதடு வெடிக்கும், ரூம்ல ஒரு ஈரத்துண்டு தொங்க விடுங்க.

வெறும் ஃபேன் மட்டும் போட்டுகிட்டு ரூம் 40க்கு மேல இருந்தா அது சூட்ட தான் உடம்பு மேல தள்ளும். அப்ப துணிய நனைச்சு மேல போட்டுகிட்டு ஃபேன் போடணும்.

இன்னொரு ட்ரிக், நாங்கெல்லாம் கத்துகிட்டது. மொட்டை மாடி டேங்க்ல இருந்து வர்ற தண்ணி மத்தியானம் தொட முடியாது, குழந்தைய நேரா குழாய்ல நிறுத்திடாதீங்க, தோல் வெந்துடும். பாத்ரூம்ல கீசர் இருந்தா ஏப்ரல்ல ஸ்விட்ச ஆஃப் பண்ணிடுங்க. அதுல தேங்கி நிக்கற தண்ணி வீட்டுக்குள்ள இருக்கறதால ஆறி இருக்கும், சுடு தண்ணி குழாய தொறந்தா பச்சத்தண்ணி, பச்சத்தண்ணி குழாய தொறந்தா சுடு தண்ணி. ஊருக்கு வந்து சொன்னா யாரும் நம்பல.

சவுதில ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் 12 டு 3 வெளிய வெயில்ல வேலை வாங்கக்கூடாதுனு சட்டம். உங்க வீட்டுக்காரரு சைட்ல எத்தன மணிக்கு விடறாங்கனு கேட்டுக்கோங்க, பேனல் பக்கத்துல சூடு இன்னும் ஜாஸ்தி.

கிருஷ்ணகிரி ஸ்டாஃப் நர்ஸ்:

ஜவான் அண்ணா, அந்த வெங்காயம் பாக்கெட்ல இருந்தா ஒண்ணும் ஆகாது, மோர்ல நறுக்கி போட்டு குடிச்சாலாச்சும் உபயோகம் உண்டு. 😄

கவி, நாலே விஷயம் மனசுல வச்சுக்கோ. பாப்பாக்கு மூக்குல ரத்தம் வரலாம், காஞ்ச காத்துல இது சாதாரணம், பயந்து தலைய பின்னாடி சாய்க்காத, ரத்தம் தொண்டைக்கு போயிடும். முன்னாடி குனிய வச்சு மூக்கோட மெத்துன பாகத்த பத்து நிமிஷம் விடாம புடி, நடுவுல எடுத்து எடுத்து பாக்காத. ராத்திரி மூக்கு ஓரத்துல கொஞ்சம் வாசலின் தடவி விடு. ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கி வை, அதுல ஒரு லிட்டர்னு போட்டிருந்தா ஒரு லிட்டர்ல தான் கலக்கணும், குழந்தை தானேனு பாதி பாக்கெட் குத்துமதிப்பா கலக்காத. இல்லாத நேரத்துல ஒரு லிட்டர் தண்ணிக்கு தலை தட்டுன ஆறு டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வெயில்ல போய்ட்டு வந்து உடம்பு கொதிச்சு, உளறல், மயக்கம், வலிப்புன்னா அது காய்ச்சல் இல்ல, பாராசிட்டமால் கேக்காது. துணிய தளர்த்தி தண்ணிய ஊத்தி ஃபேன் போட்டுகிட்டே ஆம்புலன்ஸ்க்கு 108 அடி, நினைவு இல்லாதப்ப வாயில தண்ணி ஊத்தாத. நிறுத்துன கார்ல அஞ்சு நிமிஷம்னு கூட குழந்தைய விட்டுட்டு போகாத.

வேர்க்குரு அங்க கம்மியா தான் இருக்கும்னு நெனக்கறேன், அது புழுக்கத்துல வர்றது.

பாலக்கோடு கவி:

எல்லாத்தையும் நோட்டுல எழுதிகிட்டேன். ஏப்ரல் முத வாரம்னு முடிவு பண்ணிட்டோம், பெங்களூர்ல இருந்து ஜோத்பூர் ட்ரெயின், ரெண்டு ராத்திரி. டாங்கா இல்லாத வீடுன்னு தெரிஞ்சு அவரு வேற வீடு பாக்கறாரு, இத்தன நாளா அங்க இருந்தும் அவருக்கு அந்த பேரே தெரியல பாருங்க.

பாலக்கோடு கவி (மே 27):

யாராச்சும் இன்னும் இத படிக்கறீங்களானு தெரியல, அப்டேட் போடறேன். வந்து ஏழு வாரம் ஆச்சு. நேத்து 46. முத வாரம் எனக்கு ஒண்ணுமே தெரியல, என்னடா பெரிய வெயிலுனு அத்தைகிட்ட போன்ல பெருமையடிச்சேன், ரெண்டாவது வாரம் தலை பாரமா இருந்துச்சு, அப்ப தான் ஜவான் அண்ணா சொன்ன மஞ்சள் ஞாபகம் வந்து பாத்தா அதே தான். இப்ப மணிக்கு ஒரு தடவை போன்ல அலாரம், பாப்பா அலாரம் அடிச்சா அதுவே டம்ளர தூக்கிட்டு பானைகிட்ட ஓடுது. மூக்குல ரத்தம் ஒரு வாட்டி வந்துச்சு, கை நடுங்குச்சு, ஆனா பத்து நிமிஷம் புடிச்சேன், நின்னுடுச்சு. வேர்க்குரு சுத்தமா இல்ல நர்ஸ் அக்கா, நீங்க சொன்னது சரி. கூலரும் இருக்கு, பழைய ஏசி ஒண்ணும் வாங்கிட்டோம், மதியம் ஏசி, ராத்திரி கூலர். ரியாத் அண்ணா, கீசர் ட்ரிக் பாத்துட்டு இவரு ஒரு நாள் முழுக்க சிரிச்சாரு.

போன வாரம் ஆந்தி வந்துச்சு, மண்ணு காத்து, தூரத்துல செவப்பா சுவரு மாதிரி எழும்பி வருது, எல்லா ஜன்னலும் சாத்துனேன், சமையக்கட்டு எக்ஸாஸ்ட் ஓட்டைய மறந்துட்டேன். ரெண்டு முறம் மண்ணு வாருனேன். உளுந்து டப்பாக்குள்ள எப்படி போச்சுனு இன்னும் புரியல.

பக்கத்து வீட்டு பாபிசா (அண்ணிய இங்க அப்படி தான் கூப்பிடறாங்க) ராப்டி குடுத்தாங்க. ஒரு வாய் குடிச்சதும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, அவங்க புடிக்கலனு நெனச்சுட்டாங்க, எனக்கு இந்தியும் வரல சொல்றதுக்கு. மறுநாள் நான் கூழ் வடாம் போட்டு குடுத்தேன், காலைல ஆறு மணிக்கு மாடில ஊத்துனது மதியத்துக்குள்ள சலசலன்னு காஞ்சு துணிய விட்டு தானா வந்துடுச்சு. இப்ப தெருவே வந்து எப்படி போடறதுனு கேக்குது.

ராகி மாவு தான் எங்க தேடியும் கிடைக்கல. கம்புல களி கிண்டி பாத்தேன், இவருக்கு இறங்கல. ஜூன்ல யாராச்சும் இந்த பக்கம் வர்றீங்களா?

காவேரிப்பட்டணம் டு ஜோத்பூர்:

நான் லீவுக்கு ஊர்ல தான் இருக்கேன், ஜூன் 20க்கு மேல திரும்பறேன். 5 கிலோ போதுமா, 10 கிலோ அரைக்கட்டுமா? மாங்கா சீசன் வேற, சேலம் குண்டு பத்து வைக்கறேன், ஆனா இந்த வெயிலுக்கு ட்ரெயின்லயே பழுத்துடும், ஜோத்பூர் ஸ்டேஷனுக்கு உங்க வீட்டுக்காரர அன்னைக்கே வர சொல்லு.